மொனார்க்கின் சிறகில் ஒட்டிய சீட்டு

மொனார்க் வண்ணத்துப்பூச்சிகள் எங்கே வலசை போகின்றன என்பதைப் பல்கலைக்கழகம் தனியாகக் கண்டுபிடித்திருக்க முடியாது. கனடாவின் பிரெட் உர்குஹார்ட் 1950களில் தொண்டர்களைத் திரட்டி, சிறகுகளில் எண்ணிட்ட சீட்டுகளை ஒட்டச் செய்தார். இத்தகைய தொண்டர்களில் மாணவர்களும் இருந்ததால், சிறுவர் கவனிப்பில் பிழை மலியும் என்பது நியாயமான ஐயம்தான். மொனார்க்கைப் போலவே தோன்றும் வைஸ்ராய் பூச்சியைப் பார்த்துப் பெரியவர்களே மயங்குவார்கள். ஆனால் இங்கே சாட்சி சொன்னது சீட்டில் அச்சிட்ட எண். 1976 ஜனவரியில் மெக்சிகோ மலைக்காட்டில் உர்குஹார்ட் கண்ட சீட்டு ஒட்டிய பூச்சி, மின்னசோட்டாவில் ஓர் ஆசிரியரும் இரு மாணவர்களும் முந்தைய ஆகஸ்டில் பறக்கவிட்டது. (காட்டை மொய்க்கும் அந்தப் பூச்சிகளை உள்ளூர் மக்கள் முன்பே அறிவார்கள், அவை எங்கிருந்து வந்தன என்பதே புதிர்.)

1994இல் தொடங்கிய ஜர்னி நார்த் திட்டம் வலசையை மாணவர்கள் கவனிப்பதை வகுப்பறைகளின் வழக்கமாக்கியது. வடக்கிலிருந்து பிள்ளைகள் அனுப்பிய காகிதப் பூச்சிகள், மொனார்க் சரணாலயத்தை ஒட்டிய மெக்சிகோ பள்ளிகளில் குளிர்காலத்தைக் கழித்தன. வெறும் கைவேலை என்று இதை ஒதுக்கலாம். ஆனால் அதே வகுப்புகள் வசந்தத்தில் முதல் பூச்சியைக் கண்ட நாளையும் இடத்தையும் பதிந்ததில்தான் வசந்த வலசையின் வரைபடம் ஆண்டுதோறும் உருவானது.