பாதியில் மூடிய தோணி



ஒரு நூலை வாசிக்கத் தொடங்கிப் பாதியில் மூடி வைத்ததுண்டா? நான் ஒரே நூலை இருமுறை மூடி வைத்திருக்கிறேன்! அது ப.சிங்காரம் எழுதிய 'புயலிலே ஒரு தோணி' என்னும் நாவல். தமிழாசிரியனாகிய எனக்கு இதைச் சொல்ல வெட்கமே. அக்கதையின் தொங்கான் புயலில் அலைக்கழிந்து வந்து சேரும் கரை எங்கள் பினாங்கு என்பதால் வெட்கம் இன்னும் கூடுகிறது.

சிங்காரம் 1920இல் சிங்கம்புணரியில் பிறந்தவர். 1938இல் பிழைப்புக்காகச் சுமத்திராவின் மேடான் நகருக்குச் சென்றார். போர்க்காலத்தை இக்கரைகளில் கண்டு, 1946இல் தமிழகம் திரும்பி, மதுரையில் 'தினத்தந்தி'யில் பணியாற்றினார். பினாங்கைக் களமாகக் கொண்ட 'கடலுக்கு அப்பால்' 1959இல் வெளிவந்தது. 1962இல் எழுதி முடித்த 'புயலிலே ஒரு தோணி' நூலாக வரப் பத்தாண்டுகள் ஆயின. 1972இல் வந்தபோதும் கவனித்தோர் மிகச் சிலரே. அதன்பின் அவர் நாவல் எழுதவே இல்லை. 1997இல் மறைந்தார்.

நான் ஏன் மூடி வைத்தேன்? சப்பானியர் மேடானுக்குள் நுழையும் காட்சியோடு கதை தொடங்குகிறது. டச்சுத் தெருப்பெயர்கள், மலாய்ச் சொற்கள், செட்டியார் வட்டிக்கடை வழக்குகள் என எல்லாம் விளக்கமின்றி வந்து விழுகின்றன. கிட்டங்கி, அடுத்தாள், பெட்டியடிப் பையன்... சில பக்கங்களிலேயே மூச்சு முட்டியது. நூல் கடினம் என்று பழி போட்டு ஒதுக்கினேன்.

ஒரு தைப்பூச முன்னாளில், பினாங்கு ஸ்திரீட்டில் வெள்ளி இரதத்துக்காகக் காத்து நின்றேன். அருகில் நின்ற முதியவர் ஒருவர் எதிரேயிருந்த கட்டடத்தைக் காட்டி, சிறுவயதில் கிட்டங்கியில் வேலை பார்த்ததைச் சொன்னார். நீண்ட கூடத்தில் வரிசையாக மரப்பெட்டிகள். பெட்டி ஒவ்வொன்றும் ஒரு கடை. மேலாளுக்கு அடுத்த நிலையில் கணக்கும் வசூலும் பார்ப்பவர் அடுத்தாள்; எடுபிடி வேலைக்குப் பெட்டியடிப் பையன். 1941 டிசம்பரில் சப்பானிய விமானங்கள் குண்டு வீசியபோது தெருவே ஓடியதையும் சொன்னார். அன்றிரவே நூலை மீண்டும் திறந்தேன். அதே பக்கங்கள் இப்போது பேசின!

நமக்கு முன்னோடி ஒருவர் உண்டு. 1880இல் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியராயிருந்த உ.வே.சாமிநாதையரிடம், சேலம் இராமசுவாமி முதலியார் சீவக சிந்தாமணியைக் கொடுத்தார். சைவ மரபில் கற்ற ஐயருக்குச் சமணக் கருத்துகள் விளங்கவில்லை. அவர் சுவடியை மூடிவிடவில்லை. அவ்வூர்ச் சைனர்களைத் தேடிச் சென்று கேட்டார். 1887இல் சிந்தாமணி அச்சேறியது.

பிரெஞ்சு ஆசிரியர் டேனியல் பென்னாக், 1992இல் வாசகரின் பத்து உரிமைகளைப் பட்டியலிட்டார். நூலை முடிக்காமல் விடும் உரிமை அதில் மூன்றாவது. நான் மறுக்கவில்லை; சுவையற்ற நூலோடு ஆயுளைக் கழிக்க வேண்டியதில்லை. ஆனால், நூல் சுவையற்றதா, அல்லது அதன் உலகத்தை நாம் அறியவில்லையா? மூடுமுன் இதை மட்டும் கேட்டுக்கொள்ளலாம்.

விளங்காத சொற்களை ஒரு தாளில் எழுதி, அந்த முதியவரிடம் கேட்கலாமென்று வைத்திருந்தேன். ஆண்டிறுதித் தேர்வுகள் முடியட்டும் எனத் தள்ளிப் போட்டேன். விடுமுறையில் சென்றபோது அவர் காலமாகி மூன்று வாரம் ஆகியிருந்தது. நாவலை முடித்துவிட்டேன். தாளில் பதினொரு சொற்கள் இன்னும் விளக்கமின்றி நிற்கின்றன.

மூடிய நூலை என்றைக்கும் திறக்கலாம் அன்பர்களே. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்க வேண்டியதை இன்றே கேட்டுவிடுங்கள்.