கோர் ரோரியில் ஒரு பெயர்

சலாலாவிலிருந்து கிழக்கே 40 கிலோமீற்றர் அளவில் கோர் ரோரி என்றொரு இடம். குந்திரிக்கம் கப்பலேறிய பழைய துறைமுகம் அங்கேதான் இருந்தது. 2006இல் இத்தாலிய அகழ்வாய்வாளர்கள் அங்கே ஒரு பானையோட்டைக் கண்டெடுத்தார்கள். தமிழ்ப் பிராமியில் 'ணந்தை கீரன்' என்று கீறியிருந்தது. கி.பி. முதலாம் நூற்றாண்டு என்கிறார்கள். யாரோ ஒரு கீரன். ஊரும் தொழிலும் தெரியாது; பெயர் மட்டும் மிஞ்சியது.

அகதியாகக் கனடா வருவதற்கு முன், 1993 முதல் 1996 வரை நான் சலாலாவில் வேலை செய்தவன். வளைகுடாப் பத்திரிகைகளில் எங்களுக்குப் பெயர் 'ஆசியத் தொழிலாளி'. ஓமானும் ஆசியாவில்தானே இருக்கிறது! லண்டனில் ஆசியர் என்றால் இந்திய உபகண்டத்துச் சனம். வட அமெரிக்காவில் அந்தச் சொல்லுக்குச் சீனரும் கொரியரும்தான் முதலில் நினைவுக்கு வருவார்கள். இங்கே குடிசன மதிப்பீட்டுப் படிவத்தில் எனக்குரிய கட்டம் 'தெற்காசியர்'. அப்ப நான் ஆர்?

இந்தக் கேள்விக்குச் சொந்தக் கதையையே ஆய்வுமுறையாகக் கொள்ளும் வழக்கம் பல்கலைக்கழகங்களில் வந்துவிட்டது. தன் அனுபவத்தைச் சொல்லி, அதை வரலாற்றோடு வைத்துப் பார்ப்பது. 'புலம்பல் ஆராய்ச்சியாகுமா?' என்று சிரிப்பவர்கள் உண்டு. கதை மட்டும் போதாதுதான். பக்கத்தில் வேறு சான்றும் வேண்டும்.

ஓர் உதாரணம். ஆனி பிற்பகுதியில் சலாலாவில் கரீஃப் தூறல் தொடங்கும், மலை பச்சையாகிவிடும். என் அறையிலிருந்த மலையாளி அண்ணர் அதை 'எடவப்பாதி' என்பார். நான் 'சோளகம்' என்பேன். இரண்டும் ஒரே தென்மேல் பருவக்காற்று. வாடையில் அரபுக்கரைக்குப் போன பழைய கப்பல்கள் தென்மேல் காற்றில்தான் ஊர் திரும்பின. கீரனும் அந்தக் காற்றை அறிந்தவனாகத்தான் இருப்பான். 'ஆசியன்' என்ற சொல்லில் எனக்கு ஒட்டுகிற அர்த்தம் இதுதான். எந்தப் படிவத்திலும் இதற்குக் கட்டம் இல்லை.

வளைகுடாவில் உழைத்த எங்கட பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் சொல்லாவிட்டால் கடவுச்சீட்டு முத்திரையும் முதலாளியின் பதிவேடும்தான் மிஞ்சும். உங்கள் வீட்டில் அப்படி ஒரு மாமாவோ சித்தியோ இருந்தால் கேளுங்கள். எந்த வருடம் போனீங்கள், ஆரோடு ஒரே அறையில் இருந்தீங்கள், உங்களை என்ன சொல்லிக் கூப்பிட்டவை? பிறகு பழைய கடிதங்களோடும் விசாவோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். வருடம் பொருந்தாவிட்டால் அழிக்காதீர்கள், இரண்டையும் எழுதுங்கள். அவர் ஏன் அந்த வருடத்தைச் சொன்னார் என்பதிலும் வரலாறு இருக்கிறது.

கீரனிடம் கேட்க இனி வழியில்லை. மாமாவுக்கு இந்தச் சனி, ஞாயிறே ரெலிபோன் எடுக்கலாம்.