மறைந்தவர்கள்

நான் சிறுவயதில் படித்தது பிரெஞ்சு வழிப் பள்ளியில். பிரெஞ்சில் 'திஸ்பாரு' என்று ஒரு சொல். காணாமல் போனவர் என்றும் பொருள், காலமானவர் என்றும் பொருள். நம் 'மறைந்தவர்' கூட அப்படித்தான். ஆனால் பிறகு நான் குமாஸ்தாவாக உட்கார்ந்த மேஜையில் இரண்டும் ஒன்றல்ல.

கணவரைக் காணோம் என்று ஒரு அம்மா மனுவோடு வந்தார். "7 வருஷம் ஆகணும்மா, சட்டம் அப்படி" என்று நானே திருப்பி அனுப்பினேன். போகும்போது, "மேச்சேரி பத்ரகாளியம்மனுக்கு வேண்டியிருக்கேன் சாமி, வந்துடுவாரு" என்றார். கையில் இறப்புச் சான்று கேட்கும் மனு, கழுத்தில் தாலி.

அருணாசலப் பிரதேச மலையில் கிடைத்த ஒரு போர் விமானத்தைப் பற்றிப் படித்தபோது அந்த அம்மாதான் நினைவுக்கு வந்தார்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் சீனாவுக்குத் தரைவழி அடைபட்டது. அஸ்ஸாமிலிருந்து இமயமலையின் கிழக்கு முனையைத் தாண்டி விமானத்தில்தான் தளவாடங்கள் போயின. விமானிகள் அந்த வழியை 'ஹம்ப்' என்றார்கள், அதாவது திமில். 1942 முதல் 1945 வரை அதில் சுமார் 600 விமானங்கள் தொலைந்தன.

அவற்றில் ஒன்று 'ஹாட் ஆஸ் ஹெல்' என்ற அமெரிக்க பி-24 குண்டுவீச்சு விமானம். 1944 ஜனவரி 25 அன்று சீனாவின் குன்மிங்கிலிருந்து அஸ்ஸாமின் சாபுவாவுக்கு 8 பேருடன் கிளம்பியது. வானிலை மோசம். வந்து சேரவில்லை. 62 ஆண்டுகள் கழித்து, 2006-ல், கிளேட்டன் கூல்ஸ் என்ற அமெரிக்கர் உள்ளூர் மக்கள் வழிகாட்ட மலையேறி, தம்ரோ கிராமத்துக்கு அருகே அதன் உடைசல்களைக் கண்டார்.

கண்டதோடு முடியவில்லை. அது சீனா உரிமை கோரும் எல்லை மாநிலம். தோண்டும் வேலை வருடக்கணக்கில் இழுத்தது. உறவினர்கள் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2015-ல்தான் தோண்டினார்கள். கிடைத்த எச்சங்கள் 2016 ஏப்ரலில் டெல்லியிலிருந்து அமெரிக்கா போயின. 2017-ல் ஒருவரின் அடையாளம் உறுதியானது: லெப்டினன்ட் ராபர்ட் ஆக்ஸ்ஃபோர்டு. அந்த ஜூனில் ஜார்ஜியா மாநிலத்துச் சொந்த ஊரில் அடக்கம் செய்தார்கள். 73 ஆண்டுகள் கடந்து, அவரை வழியனுப்பிய தலைமுறையே போய்விட்டிருந்தது. ஆனாலும் ஊரே திரண்டு நின்றது.

நம் பக்கத்திலும் உண்டு. போர்க்காலம் அல்ல, சமீபம்தான். 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு 29 பேருடன் கிளம்பிய விமானப்படையின் ஏ.என்.-32 வங்கக் கடலில் மறைந்தது. அதன் உடைசல்கள் 3,400 மீட்டர் ஆழத்தில் கிடப்பதாக 2024 ஜனவரியில்தான் அறிவித்தார்கள். கண்டது, சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் இறக்கிய ஆளில்லாக் கலம். அந்த ஆழத்திலிருந்து யாரையும் கொண்டுவருவது எளிதல்ல. ஆனால் இன்ன இடம் என்று தெரிந்தது. திதி கொடுப்பவர்கள் எந்தத் திசை பார்த்துக் கும்பிடுவது என்று இனிக் குழம்ப வேண்டாம்.

அந்த அம்மா சொன்ன தவணைக்குத் திரும்பி வந்திருப்பார். அதற்கு முன்பே எனக்கு மாற்றலாகிவிட்டது. சட்டத்தைச் சொன்ன நான், "உட்காருங்கம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.