சங்குக் கொடியும் தோள்சீலையும்

கொடி என்பது ஒரு முழத் துணிதான். அதில் என்ன படம் வரைந்திருக்கு என்று பார்ப்பது எளிது. அதன் நிழலில் யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்று கேட்கும்போதுதான் வரலாறு ஆரம்பமாகிறது.

திருவிதாங்கூர் ராஜ்ஜியத்தின் கொடி சிவப்பு. நடுவில் வெள்ளி நிறத்தில் ஒரு வலம்புரிச் சங்கு. சிவப்பு வீரம், வெள்ளை தூய்மை என்று பள்ளிக்கூடப் பாணியில் பொருள் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். நகர முடியவில்லை. ஏனென்றால் அந்தச் சங்கு ஒரு அலங்காரம் அல்ல. அது உடைமை முத்திரை.

1750 ஜனவரியில் மார்த்தாண்டவர்மா தான் போரில் பிடித்த நாடு முழுவதையும் பத்மநாபசாமிக்கு எழுதிக் கொடுத்தார். திருப்படித்தானம் என்பார்கள். உடைவாளைச் சாமி முன் வைத்து எடுத்துக்கொண்டு, அன்று முதல் 'பத்மநாபதாசன்' என்ற பெயரில் ஆண்டார். அவருக்குப் பின் வந்தவர்களும் அப்படியே. அப்போது தலைநகர் நம்ம கல்குளம் தாலுகாவில் இருக்கும் பத்மநாபபுரம். நாடு சாமியின் சொத்து, ராஜா அதன் காரியக்காரன். விஷ்ணு கையிலுள்ள சங்கு அரசின் அடையாளமானது இப்படித்தான். காசில் சங்கு. 1888-இல் வந்த அஞ்சல் தலையில் சங்கு. அரசு இலச்சினையில் இரண்டு யானைகளுக்கு நடுவே சங்கு. இந்த ஏற்பாட்டின் தந்திரம் என்ன? வரியை எதிர்த்தால், ஊழியத்தை எதிர்த்தால், அது ராஜாவை எதிர்ப்பதோடு நிற்காது; சாமிக்கே செய்யும் துரோகமாகிவிடும். வருணாசிரமத்துக்கு இதைவிடப் பெரிய கோட்டை வேறு எது?

சரி, அந்தச் சாமியின் நாட்டில் நாம் என்னவாக இருந்தோம்? 1836 கணக்கெடுப்பில் திருவிதாங்கூரில் 1,64,864 அடிமைகள். எட்டுப் பேரில் ஒருவர். புலையர், பறையர், குறவர். நிலத்தோடு விற்கலாம், ஒற்றி வைக்கலாம், பாட்டத்துக்கு விடலாம். நாஞ்சில் நாட்டு வயல் வளத்தைப் பாடாத புலவன் இல்லை. அந்த வளத்தின் கணக்கு அழகியபாண்டிபுரம் முதலியார் வீட்டு ஓலைகளில் அடிமை விலையாகக் கிடக்கிறது. அடிமை முறையை ஒழிக்க 1855 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சிவப்பு யாருடைய வீரம் என்று அவர்கள் சொல்லட்டும். யாருடைய ரத்தம் என்று நாம் சொல்ல வேண்டியிருக்கிறது.

இங்கேதான் துணியின் கதை வருகிறது. கம்பத்தில் ஏறும் துணிக்கு மரியாதை கேட்ட அரசு, பெண்ணின் தோளில் ஏறும் துணியைப் பறித்தது. இடுப்புக்கு மேலே சீலை கூடாது, முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது, முரட்டுத் துணிதான் உடுத்த வேண்டும். 1822-இல் தொடங்கிய தோள்சீலைப் போராட்டம் 1859 வரை நடந்தது. 1859 ஜூலையில் வந்த அரசாணைகூட, மேல்சாதிப் பெண்கள் உடுத்துவது மாதிரி உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. அதுவும் சாணார் பெண்களுக்கு வந்த ஆணை. அவர்களுக்கும் கீழே வைக்கப்பட்டிருந்த நம் பாட்டிமார்? தோள்சீலை வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் வேகமாகப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். புலையப் பெண்கள் சாதி அடையாளமாகச் சுமந்த கல்லுமாலையைக் கழற்றி எறிய 1915 ஆனது. அய்யங்காளி அழைக்க, கொல்லம் பக்கம் பெரிநாட்டில் எறிந்தார்கள். வெட்டும் தீவைப்பும் நடந்த பிறகுதான் அந்தக் கல் கழுத்தை விட்டு இறங்கியது.

எதிர்க்குறியீடுகளும் இந்த மண்ணில்தான் எழுந்தன. மயிலாடியில் சாம்பவர் சாதியில் பிறந்த மகராசன், சாமி தேடித் தஞ்சாவூர்வரை போய், வேதமாணிக்கமாகத் திரும்பி வந்தார். 1806-இல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தது அவர் அழைத்துத்தான். அழைத்தவர் பெயரைப் பின்னுக்குத் தள்ளி, வந்த வெள்ளைக்காரர் பெயரை மட்டும் முன்னால் வைப்பது இன்னொரு தீண்டாமை. சாமித்தோப்பில் வைகுண்டர் தலைப்பாகை கட்டச் சொன்னார். தலையில் துண்டு கட்டக் கூடாது என்ற நாட்டில் தலைப்பாகையோடு சாமி கும்பிடு என்றால் அதுவே ஒரு கொடியேற்றம்தான். எல்லாச் சாதிக்கும் ஒரே கிணறு வைத்தார். பத்மநாபதாசனை அகிலத்திரட்டு 'கலிநீசன்' என்கிறது. நீசன் என்ற சொல்லைத் திருப்பி வீசிய அந்தத் துணிச்சலுக்குக் கிடைத்தது சிங்காரத்தோப்புச் சிறை.

சங்கைப் பற்றி இன்னொன்று. கடலுக்கடியில் மூச்சைப் பிடித்து அதை எடுக்கிறவன் சங்கு குளிக்கும் உழைப்பாளி. கோயிலில் ஊதினால் மங்கலம். அதே சங்கை எத்தனையோ ஊர்களில் சாவு வீட்டில் ஊதுகிறவன் நம்ம ஆள். அங்கே அது இழிதொழில். 'சங்கு ஊதியாச்சு' என்றால் கதை முடிஞ்சு போச்சு என்றுதான் நம் பேச்சில் அர்த்தம். ஒரே சங்கு, கைக்குத் தக்கபடி அதற்குச் சாதி மாறுகிறது. கோயிலைச் சுற்றியுள்ள பொதுத் தெருவில் நடக்கவே சுசீந்திரத்தில் 1926-இல் சத்தியாக்கிரகம் இருக்க வேண்டியிருந்தது. 1936 நவம்பர் 12-இல் ஆலயப் பிரவேச ஆணை வந்தது. அதாவது நாட்டின் சொந்தக்காரச் சாமியை நாட்டு மக்கள் பார்க்க, எழுதிக் கொடுத்த நாளிலிருந்து 186 வருஷம்.

1947 ஜூனில் திவான் சி.பி. ராமசாமி அய்யர் தனி நாடு என்று அறிவித்தார். சங்குக் கொடி ஒரு சுதந்திர தேசத்தின் கொடியாகியிருக்கும். அதே நேரத்தில் டில்லியில் கொடிக் குழுவில் அம்பேத்கர் இருந்தார். ஜூலை 22-இல் அரசியல் நிர்ணய சபை ஏற்ற மூவண்ணத்தின் நடுவில் அசோகரின் தம்மச் சக்கரம் வந்தது. சில நாள் கழித்துத் திருவிதாங்கூர் இந்தியாவோடு சேரச் சம்மதித்தது. சங்கு இறங்கிச் சக்கரம் ஏறியது. பிறப்பால் ஆளும் முறைக்கும், பிறப்பை மறுத்த பௌத்தத்தின் சின்னத்துக்கும் இடையிலான தூரம் அது.

ஆனால் சங்கு எங்கும் போய்விடவில்லை. கேரள அரசின் இலச்சினையில் யானைகளுக்கு நடுவே இன்றும் இருக்கிறது. 1954-இல் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்து, 1956 நவம்பர் 1-இல் நாம் வந்து சேர்ந்த தமிழ்நாட்டின் இலச்சினையில் இருப்பது கோயில் கோபுரம். சங்கிலிருந்து கோபுரத்துக்கு இடம் மாறியிருக்கிறோம். நவம்பர் 1-ஐக் கொண்டாடும்போது இதையும் சேர்த்துப் பேசணும்.

நம் பக்கத்துக் கிழவிமார் 'ராஜா காலத்துல' என்று ஆரம்பித்தால் இளசுகள் எழுந்து போய்விடுகிறார்கள். போகாதீங்க, தோழர்களே. உட்கார்ந்து கேளுங்க. என்ன உடுத்தினீங்க, எந்தத் தெருவில் நடக்க விட்டாங்க, கூலியை எப்படிக் கொடுத்தாங்க என்று கேட்டு எழுதி வையுங்க. அரண்மனை தன் சங்கைக் காசிலும் கல்லிலும் பொறித்து வைத்திருக்கிறது. நம்முடையது அவர்கள் நாக்கில் மட்டும்தான் இருக்கிறது.