கழுத்துக் கட்டியும் ஒரு வெள்ளைக் கோடும்

1/ தாடைக்குக் கீழே, கழுத்துல ஒரு பக்கம் மட்டும் மெதுவா விரல் வைங்க. துடிக்குதா? அதான் கரோட்டிட் தமனி. கொஞ்சம் மேலே போய் இரண்டாகப் பிரியும். ஒரு கிளை மூளைக்கு, இன்னொன்று முகத்துக்கு.

2/ அந்தப் பிரிவில் அரிசி அளவுக்கு ஒரு உறுப்பு இருக்கு. பேரு கரோட்டிட் பாடி. ரத்தத்துல ஆக்சிஜன் குறைஞ்சா மூளைக்குத் தகவல் சொல்றது அதன் வேலை. அபூர்வமா அதுல கட்டி வரும். மெதுவாத்தான் வளரும், பெரும்பாலும் புற்றுநோயும் இல்லை. ஆனா இரண்டு கிளைகளையும் அணைச்சுக்கிட்டு வளரும். சிக்கலே அங்கதான்.

3/ 1880. ரீக்னர் என்ற மருத்துவர் இந்தக் கட்டியை அகற்றினார். நோயாளி பிழைக்கவில்லை. 1886ல் மைடல் செய்த அறுவை சிகிச்சையில் நோயாளி பிழைத்தார். ஆனால் உடலின் ஒரு பக்கம் செயலிழந்தது, பேச்சும் போனது. தமனியை அடைத்தால் மூளை பட்டினி கிடக்கும். கட்டி போச்சு, மனுஷனும் முடங்கிட்டார்.

4/ 1889ல் வியன்னாவின் எட்வார்ட் ஆல்பர்ட், தமனியைக் கட்டாமலேயே கட்டியைப் பிரித்து எடுத்தார். அப்போ முடியும்னு தெரிஞ்சுபோச்சு. ஆனா எந்த வழியாப் பிரிக்கிறது?

5/ அதற்குத் தெளிவான பதில் 1940ல் வந்தது. தமனிச் சுவருக்கு மூன்று அடுக்கு. கட்டி ஒட்டுவது வெளி அடுக்கில். அதற்கும் நடு அடுக்குக்கும் இடையே பாதுகாப்பான ஒரு தளம் இருக்கிறது, அதில் பிரித்தால் தமனி கிழியாது என்றார் லண்டனின் கார்டன்-டெய்லர். அதைத்தான் 'வெள்ளைக் கோடு' என்கிறார்கள்.

6/ எல்லாக் கட்டியும் அப்படிப் பிரிஞ்சு வராது. 1971ல் மேயோ கிளினிக்கின் ஷாம்ப்ளின் குழு மூன்று வகையாகப் பிரித்தது: எளிதில் பிரிவது, ஓரளவு ஒட்டியது, தமனியை முழுசாச் சூழ்ந்தது. மூன்றாவது வகையில் தமனியையே வெட்டி எடுத்து, பெரும்பாலும் காலிலிருந்து எடுத்த சிரையை வைத்துத் தைக்க வேண்டி வரலாம். அந்த வகைப்பாடு இன்றும் புழக்கத்தில் இருக்கு.

7/ இதை ஏன் சொல்றேன்? கழுத்துக் கட்டிகளில் பெரும்பாலானவை நெறிகட்டு, டிபி, தைராய்டுதான். ஆனா துடிக்கிற கட்டி, பக்கவாட்டில் நகர்ந்து மேலும் கீழும் நகராத கட்டின்னா, "சின்னக் கட்டிதானே, கீறி எடுத்துடலாம்"னு யார் சொன்னாலும் சம்மதிக்காதீங்க. முதல்ல ஸ்கேன். ஊசியும் கத்தியும் அப்புறம்தான்.

8/ கட்டி வெளியே வந்தா மட்டும் வெற்றி இல்லைங்க. நோயாளி பேசிக்கிட்டே, நடந்து வீட்டுக்குப் போகணும்.