சௌத் சென்ட்ரல் பண்ணை

சௌத் சென்ட்ரல் பண்ணை என்பது அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் 1994 முதல் 2006 வரை இயங்கிய நகர்ப்புறப் பண்ணையாகும். 41ஆம் தெருவும் அலமேடா தெருவும் சந்திக்கும் இடத்தில், கிடங்குகள் நிறைந்த தொழிற்பகுதியின் நடுவே ஏறத்தாழ 14 ஏக்கர் பரப்பில் இது அமைந்திருந்தது. சுமார் 350 குடும்பங்கள் இங்குப் பயிரிட்டன. அந்நாட்டின் மிகப் பெரிய சமூகத் தோட்டங்களுள் ஒன்றாக இது கருதப்பட்டது.

நிலத்தின் பின்னணி

குப்பை எரிஉலை ஒன்றை நிறுவும் நோக்கத்துடன் நகர நிர்வாகம் 1986இல் இந்நிலத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்தியது. எரிஉலையின் புகை தங்கள் உடல்நலத்தைக் கெடுக்கும் என அப்பகுதி மக்கள் அமைப்பாகத் திரண்டு எதிர்த்தனர். 1987இல் திட்டம் கைவிடப்பட்டது. நிலம் வெறுமனே கிடந்தது.

1992ஆம் ஆண்டுக் கலவரத்தில் இப்பகுதி பெரும் சேதமடைந்தது. அதன்பின், 1994இல், அருகிலிருந்த உணவு வங்கி இந்நிலத்தைத் தோட்டமாகப் பயன்படுத்த அனுமதி பெற்றது. அது தற்காலிக அனுமதி மட்டுமே.

மக்களின் பங்கு

பயிரிட்டவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்க நாடுகளிலிருந்தும் குடியேறிய ஏழை உழைப்பாளர்கள். குப்பைகூளத்தை அகற்றி, மண்ணைப் பண்படுத்தி, ஆளுக்கொரு பாத்தியாகப் பிரித்துக்கொண்டனர். மக்காச்சோளம், அவரை, பூசணி, சப்பாத்திக்கள்ளி, மூலிகைகள் ஆகியவற்றுடன் வாழை, கொய்யா, வெண்ணெய்ப்பழ மரங்களையும் வளர்த்தனர். புதிய காய்கறி எளிதில் கிடைக்காத பகுதியில் இவை வீட்டுச் சமையலுக்கு உதவின. பிள்ளைகள் விளையாடவும் அண்டைவீட்டார் கூடிப் பேசவும் இதுவே பொதுவிடமாயிற்று.

விற்பனையும் வெளியேற்றமும்

நிலத்தின் முந்தைய உரிமையாளர் தரப்பு அதைத் திரும்பக் கேட்டு வழக்குத் தொடுத்தது. 2003இல் நகர மன்றம் மூடிய அமர்வில் உடன்பாட்டை ஏற்று, சுமார் 50 இலட்சம் டாலருக்கு நிலத்தை விற்றது. 2004இல் விவசாயிகளுக்கு வெளியேறும்படி அறிவிப்பு வந்தது. அவர்கள் சங்கமாக இணைந்து நீதிமன்றம் சென்றனர். இடைக்காலத் தடையும் பெற்றனர். ஆனால் அது நிலைக்கவில்லை.

புதிய உரிமையாளர் கேட்ட விலை சுமார் 1 கோடியே 63 இலட்சம் டாலர். அறக்கட்டளைகளும் பொதுமக்களும் நிதி திரட்ட முன்வந்தனர். பாடகி ஜோன் பயஸ், நடிகை டாரில் ஹன்னா ஆகியோர் நேரில் வந்து ஆதரவளித்தனர். எனினும் உரிமையாளர் விற்க மறுத்துவிட்டார். 2006 ஜூன் 13 அன்று காவல்துறையினர் நுழைந்து, மரங்களில் ஏறி அமர்ந்திருந்தவர்கள் உட்படப் போராட்டக்காரர்களை வெளியேற்றினர், பலர் கைதாயினர். பின்னர் புல்டோசர்கள் தோட்டத்தை அழித்தன.

வரலாறு உணர்த்துவது

ஒரே நிலத்திற்காக இருமுறை மக்கள் திரண்டனர். ஒருமுறை வென்றனர், மறுமுறை தோற்றனர். எரிஉலைத் திட்டம் நகர நிர்வாகத்தினுடையது. வாக்குக் கேட்டு வரும் பிரதிநிதிகள் மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. நிலம் தனியாரிடம் சென்றபின் அந்தப் பிடி தளர்ந்தது. பன்னிரண்டு ஆண்டு உழைப்பு நில உரிமையைத் தரவில்லை. ஆகவே சமூகப் பண்ணையை ஆதரிப்போர் விதையும் உழைப்பும் நிதியும் தருவதோடு, நீண்டகாலக் குத்தகையையோ பொது உடைமையையோ தொடக்கத்திலேயே உறுதிசெய்வது இன்றியமையாதது.

வெளியேற்றப்பட்டவர்களில் ஒரு பிரிவினர் கலிபோர்னியாவின் கெர்ன் மாவட்டத்தில் கூட்டுறவு முறையில் வேளாண்மையைத் தொடர்ந்தனர். இப்போராட்டம் பற்றிய ‘தி கார்டன்’ என்னும் 2008ஆம் ஆண்டு ஆவணப்படம் ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது.