மணலில் எழுதிய கணக்கு

வேளச்சேரியில் நம் பங்கின் மாலைநேர வகுப்பில் சிறுவன் ஒருவனிடம் எட்டை ஆறால் பெருக்கச் சொன்னோம். 48 என்றான். எப்படிக் கண்டாய் என்று பாடநூலின் மொழியாகிய ஆங்கிலத்தில் வினவினோம். விடை தவறோ என அஞ்சி வாயடைத்து நின்றான். பக்கத்திலிருந்த சிறுமி அவன் காதில் முணுமுணுத்தாள்: "அஞ்சாறு முப்பது, மூவாறு பதினெட்டு. ரெண்டையும் சேத்தா வந்துடும்ல?" சரியான கணக்கு, ஆனால் முணுமுணுப்பாகவே வந்தது.

நம் நாட்டில் கணக்கு இப்படி ஒளிந்து பேசியதில்லை. 1623-இல் பியெத்ரோ தெல்லா வாலே என்னும் உரோமைப் பயணி, கருநாடகத்தில் கோயில் முன்மண்டபமொன்றில் நான்கு சிறுவரைக் கண்டார். ஒருவன் வாய்ப்பாட்டை இராகத்தோடு சொல்லியபடி தரையிலிட்ட மெல்லிய மணலில் விரலால் எழுதினான். மற்றவர் அவ்வாறே தொடர்ந்தனர். ஆசிரியர் அங்கில்லை. ஐயம் வந்தால் யார் திருத்துவார் என்று அவர் கேட்டார். நால்வருக்கும் ஒரே இடத்தில் ஒரே வேளையில் ஐயம் வராது என்றனர் பிள்ளைகள். கல்வியியல் நூல்கள் பலவற்றைவிட இவ்விடை நமக்கு நிறைவளிக்கின்றது. நம் திண்ணைப் பள்ளிகளிலும் எண்சுவடியைச் சட்டாம்பிள்ளை முன்சொல்ல, மற்றவர் கூடிச் சொல்லியே கற்றனர்.

இம்முறை கடல் கடந்தது சென்னையிலிருந்துதான். எழும்பூரில் படைவீரர்தம் ஆண்பிள்ளைகளுக்கான அநாதை இல்லத்தை 1789 முதல் நடத்திய ஆங்கிலத் திருச்சபைக் குரு ஆண்ட்ரூ பெல், தமிழ்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். அதைத் தம் இல்லத்தில் புகுத்த ஆசிரியர்கள் தயங்கவே, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனையே மற்றவர்க்கு ஆசிரியனாக்கினார். 1797-இல் இலண்டனில் அவர் வெளியிட்ட சிறுநூலால் 'சென்னை முறை' என்னும் பெயர் பரவிற்று. 1815-இல் அது பாரிசு நகரை அடைந்து, 'ஒருவருக்கொருவர் கற்பித்தல்' எனப் பெயர் பெற்றது. ஐந்தாண்டுகளில் பிரான்சில் 1,000-க்கும் மேற்பட்ட பள்ளிகள் இம்முறையில் இயங்கின.

போன வழியில் ஒன்று தொலைந்தது. நூற்றுக்கணக்கானோர் ஒரே கூடத்தில் மணியோசைக்கும் சைகைக்கும் கட்டுப்பட்டுக் கற்றபோது, சிறுவர் தலைவன் தான் பெற்ற பாடத்தை அப்படியே ஒப்புவித்தான். அந்நான்கு பிள்ளைகளின் கூட்டுத் திருத்தம் அங்கு அரிதாயிற்று. அந்நாட்டுக் குருக்கள் பலர் இம்முறையை எதிர்த்தனர். அரசியல் காரணங்களும் அவர்களுக்கு இருந்தன என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் அவர்கள் போற்றிய தெ லா சால் சகோதரர்களிடம் வேறொரு செல்வம் இருந்தது. இலத்தீனை ஒதுக்கி, பிள்ளைகளின் பேச்சுமொழியான பிரெஞ்சிலேயே வாசிப்பைத் தொடங்கியவர் புனித ஜான் பாப்டிஸ்ட் தெ லா சால். 1720-இல் அச்சேறிய அவர்தம் பள்ளி ஒழுங்கில், கணக்குப் பாடத்தின்போது மாணவன் ஒருவன் எண்களைச் சுட்டிக்காட்டி வாய்விட்டுக் கூட்ட வேண்டும். ஆசிரியர் அதுபற்றி வினவ வேண்டும். பிரான்சில் 2018-இல் கணிதமேதை செத்ரிக் வில்லானியும் ஷார்ல் தொரோசியானும் அளித்த அறிக்கையும், கையாண்டு பார்த்தல், வாய்விட்டுச் சொல்லுதல், பின்னரே குறியீடு என்றது.

சொல்லும் மொழி சிறு செய்தியன்று. பிரெஞ்சில் 72 என்பது 'அறுபதும் பன்னிரண்டும்'. 92 என்பது 'நான்கு இருபதும் பன்னிரண்டும்'. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் பயின்ற தமிழ்ப் பிள்ளை, தொண்ணூற்றிரண்டை மனத்தில் வைத்துக்கொண்டு, வாயால் வேறொரு கணக்கையும் போடவேண்டியிருந்தது. அவன் தாமதத்தை அறியாமை என்று எண்ணிய ஆசிரியரும் இருந்திருக்கலாம். நாமும் அன்று அப்படித்தான் எண்ணினோம்.

மறுவாரம் அதே வினாவைத் தமிழில் கேட்டோம். சிறுமியின் வழியைச் சொல்வான் என எதிர்பார்த்தோம். அவனோ, "இல்ல ஃபாதர், நான் வேற மாதிரி போட்டேன். பத்தாறு அறுபது, அதுல ஈராறு பன்னெண்டு போச்சு" என்றான். சிறுமி விரல்விட்டு எண்ணிச் சரிபார்க்கத் தொடங்கினாள்.